பெயர் வெட்டிய குடம்

கேள்வி: பழைய பொருட்கள் வாங்கும் ஆசை புதிதாக வந்திருக்கிறது. பல்லாவரம் சந்தைக்கு ஒரு முறை போய், கூட்டத்தையும் குவியலையும் பார்த்துத் தலை சுற்றித் திரும்பிவிட்டேன். எது நல்லது, எது குப்பை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில் அப்படி என்ன சந்தோஷம் என்று வீட்டில் கேட்கிறார்கள். அம்மாவோ, "யார் வீட்டுச் சாமானோ, எந்த நிலைமையில வித்தாங்களோ, அது நமக்கு எதுக்கு?" என்கிறார்.

பதில்:

உங்கள் அம்மா கேட்டதை என் அம்மாவும் கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு குடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்ன சந்தோஷம் என்று கேட்பவர்களுக்கு நான் அந்தக் குடத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பித்தளைக் குடம் அது. தார்ப்பாயில் பழைய குழாய், மிக்ஸி ஜாடி, மின்விசிறி இறக்கை எல்லாவற்றுக்கும் நடுவில் கவிழ்ந்து கிடந்தது. கறுத்துப்போய், வயிற்றில் ஒரு ஒடுக்கு. தூக்கிப் பார்த்தால் நல்ல கனம். கடைக்காரர் தராசில் வைத்தார், அன்றைய பித்தளை விலைக்கு மேல் நூறு ரூபாய் சேர்த்துச் சொன்னார், கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து புளியும் கல் உப்பும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தெரிய ஆரம்பித்தது. "தங்கை கல்யாணத்துக்கு அண்ணாமலை அன்பளிப்பு. சுபகிருது வருஷம் வைகாசி."

பாத்திரக் கடையில் "பேர் வெட்டணுமா?" என்று கேட்பார்களே, அந்த எழுத்துதான். இப்போது கரண்டில் ஓடும் பேனாவால் சர்ரென்று ஒரே கோடாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் சின்ன உளியும் சுத்தியலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகத் தட்டி எடுப்பார்கள். விரலால் தடவினால் அந்தப் புள்ளிகள் உறுத்தும். சரி, எழுத்து கையால் வெட்டியது. அதற்கு மேல் என்ன தெரியும்?

"அண்ணாமலை" என்ற பெயரில் வரும் "ணா", "லை" இரண்டும் பழைய வடிவத்தில் இருந்தன. "லை"க்கு யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஒரு கொம்பு. "ணா"வுக்குத் தனியாகக் கால் போடாமல் கீழே சுருட்டி விட்டிருந்தது. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978-ல் ஏற்று ஆணை போட்ட பிறகுதான் இன்றைய வடிவம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அப்படியானால் குடம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. சுபகிருது வருஷமோ அறுபது வருஷத்துக்கு ஒரு முறை சுற்றி வருவது. 1902-ல் வந்தது, 1962-ல் வந்தது. இந்த இரண்டில் எது? குடத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தேய்த்தபோது பதில் கிடைத்தது. கடையில் எடை போட்டவர் ஆணியால் கீறி வைத்திருந்தார்: "2 கி 150". கிலோ கணக்கு நம் நாட்டில் 1956-ல் சட்டமாகி, படிப்படியாக அமலுக்கு வந்து, 1962 வாக்கில்தான் எடைக்குக் கட்டாயமானது. 1902-ல் என்றால் சேர், பலம் என்று கீறியிருப்பார்கள். ஆக, 1962 வைகாசி. யாரோ ஒரு அண்ணன், புதிதாக வந்த கிலோ எடையில் நிறுத்து வாங்கி, தங்கையின் கல்யாணத்துக்குக் கொடுத்த குடம்.

அன்று சாயங்காலம் வாசல் படியில் அதை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்த அண்ணனையும் தெரியாது, தங்கையையும் தெரியாது. ஆனால் ஒரு பொருள் தன் கதையைத் தானே சொல்வதைக் கேட்ட சந்தோஷம் இருக்கிறதே, அது புதுப் பாத்திரக் கடையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது.

உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. எது நல்லது என்று தெரிய வேண்டுமானால், பொருளைப் படிக்கத் தெரிய வேண்டும். எல்லாப் பொருளையும் படிக்க யாராலும் முடியாது. நீங்கள் தலை சுற்றித் திரும்பியதற்குக் காரணம், சந்தை முழுவதையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தது. உங்களுக்கு எதன் மேல் ஆசையோ, பாத்திரமோ, கடிகாரமோ, புத்தகமோ, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் அதை மட்டும் பாருங்கள். கையில் எடுங்கள், திருப்புங்கள், தட்டுங்கள், விலை கேளுங்கள், வைத்துவிட்டு வாருங்கள். கண் தானாகப் பழகும். அப்புறம் குவியலுக்குள் நீங்கள் தேட வேண்டியதே இல்லை. அது உங்களை எட்டிப் பார்க்கும்.

எங்கே போவது என்பதைவிட, சாமான் எப்படி வெளியே வருகிறது என்று தெரிந்துகொள்வது உதவும். என் சின்ன வயதில் தெருவில் "பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருவார்கள். அவர்களிடமிருந்து காயலான் கடைக்குப் போகும், அங்கே தரம் பிரித்து, உருக்க வேண்டியது உருக்கப் போகும், விற்கக்கூடியது சந்தைக்கு வரும். இன்றும் வழி அதேதான், பேரீச்சம்பழம் மட்டும் இல்லை. வீடு மாற்றும்போதும், பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும்போதும், பெரியவர்கள் போன பிறகு பிள்ளைகள் சொத்தைப் பிரித்துக்கொள்ளும்போதும் சாமான் வெளியே வரும். வருஷத்தில் ஒரு காலத்தை மட்டும் தவற விடாதீர்கள்: மார்கழி கடைசி. போகிக்கு வீட்டை ஒழிப்பார்கள். அந்த இரண்டு வாரமும் காயலான் கடைக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு நான் தினமும் ஒரு நடை போய்விடுவேன். பழைய காகிதமும் மரமும் நெருப்புக்குப் போவதற்கு முன்னால் காப்பாற்ற அதுதான் நேரம்.

சென்னையில் ஒரு காலத்தில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான், மூர் மார்க்கெட். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், 1900-ல் திறந்த சிவப்புச் செங்கல் கட்டடம். பள்ளிக்கூட நாட்களில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, நாணயம், கிளி, முயல் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. 1985 மே மாதக் கடைசியில் அது எரிந்துபோனது. அப்பா மறுநாள் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது இன்னும் நினைவிருக்கிறது. கடைக்காரர்களுக்குப் பின்புறம் அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். புத்தகத்துக்காக இன்றும் அங்கே போகலாம். திருவல்லிக்கேணியின் பழைய புத்தகக் கடைகள், மதுரையில் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கோயம்புத்தூர் உக்கடத்தின் பழைய புத்தகக் கடைகள், புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தை என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் இருப்பதே போதும். மாதத்துக்கு நான்கு முறை போகக்கூடிய சின்னச் சந்தை, வருஷத்துக்கு ஒரு முறை போகும் பெரிய சந்தையைவிட அதிகம் கற்றுத் தரும்.

ஆனால் காரைக்குடிக்கு ஒரு முறையாவது போய் வாருங்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். உள்ளே நுழைந்தால் ஒரு ஊரே சாமானாக மாறி அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா என்று வட்டித் தொழிலுக்குப் போய்ச் சம்பாதித்து, செட்டிநாட்டில் பர்மா தேக்கும் இத்தாலி பளிங்கும் போட்டு வீடு கட்டினார்கள். பெண்ணுக்குச் சீர் சாமான் என்று எண்ணிக்கையில்லாமல் பாத்திரம் கொடுப்பார்கள். கல்யாணத்தில் அதைப் பரப்பி வைப்பதே ஒரு சடங்கு. பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், அப்புறம் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த எனாமல் தூக்கும் சட்டியும். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும், அதற்குப் பின்னால் பர்மா அரசு நிலங்களையும் தொழில்களையும் நாட்டுடைமை ஆக்கியதும் அந்த வருமானத்தை முறித்துவிட்டன. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்குதாரர்கள் என்றானபோது சாமான்களும் பங்கு பிரிந்து, மெல்ல மெல்ல அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

அங்கே பாத்திரங்களைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பதிலாக இரண்டு மூன்று எழுத்துகள் வெட்டியிருக்கும். அது அந்தக் குடும்பத்தின் விலாசம், தாத்தா அப்பா பெயர்களின் முதலெழுத்துகள். ஒரே விலாசம் வெட்டிய கரண்டியும் அண்டாவும் தெருவின் இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் வாங்கிச் சேர்த்து வைத்தேன். யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லாத காரியம்தான், எனக்கு மனது நிறைந்தது.

காரைக்குடியில் கவனமாக இருக்க வேண்டிய பொருள் ரவிவர்மா படங்கள். ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமியையும் சரஸ்வதியையும் கல் அச்சில், அதாவது கல்லின் மேல் படத்தை வரைந்து அதிலிருந்து காகிதத்தில் எடுக்கும் பழைய முறையில், அடித்து வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார். சில படங்களுக்குப் பெண்கள் வீட்டிலேயே ஜரிகையும் சமிக்கியும் வைத்துத் தைத்துப் புடவை கட்டி விட்டிருப்பார்கள். அவை கொள்ளை அழகு. ஆனால் இன்றைக்குப் பழைய சட்டத்துக்குள் புது அச்சைப் போட்டு விற்பதும் நடக்கிறது. கையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். முகத்தின் கன்னப் பகுதியைப் பாருங்கள். இப்போதைய அச்சில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசை தவறாமல் பூ மாதிரி வட்டமாக அடுக்கியிருக்கும். கல் அச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவினது போலச் சிதறியிருக்கும். ஒரு முறை வித்தியாசத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

பாத்திரங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இதில்தான் தொடங்குகிறார்கள். ஒரு சின்னக் காந்தம் சட்டைப் பையில் இருக்கட்டும். பித்தளையிலும் வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது, ஒட்டினால் உள்ளே இரும்பு. வெண்கலத்தை விரல் முட்டியால் தட்டினால் மணி மாதிரி நீண்டு ஒலிக்கும். சத்தம் சட்டென்று அடங்கிவிட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. ஒடுக்கைக் கண்டு பயப்படாதீர்கள், ஒடுக்கு எடுப்பவர் பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார். கீறலும் அடியில் பற்றவைத்த தடமும்தான் பார்க்க வேண்டியவை. சமைக்கப்போகிறீர்கள் என்றால் ஈயம் பூசாமல் பித்தளையைத் தொட வேண்டாம், புளி பட்டால் களிம்பு ஏறும். ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தைச் சூடு பண்ணி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் துணியால் ஒரே இழுப்பில் தடவுவார். குபுக்கென்று வெள்ளைப் புகை எழும்பி அடங்கும்போது உள்ளே நிலா மாதிரி மின்னும். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய காட்சி.

பழைய ஈயச் சொம்பு பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நல்ல ஈயச் சொம்பு என்பது வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் உள்ளே புளித்தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைக்கக் கூடாது என்று பாட்டிகள் அடித்துக்கொள்வார்கள். ஆனால் காரீயம் கலந்ததும் உண்டு. அது விஷம். வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள், பென்சில் போலக் கறுப்புக் கோடு விழுந்தால் வேண்டவே வேண்டாம். கோடு விழாவிட்டாலும் கலப்பு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே சந்தையில் வாங்கிய ஈயச் சொம்பில் நான் ரசம் வைப்பதில்லை, அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். பழைய எனாமல் தட்டும் அப்படியே. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறப் பூச்சுகளில் காட்மியமும் காரீயமும் இருக்க வாய்ப்புண்டு. பூத்தொட்டியாக்கலாம், சோறு போட வேண்டாம்.

இரும்பு தோசைக்கல்லில் எந்தக் கவலையும் இல்லை. துரு ஒரு குறையே கிடையாது. சமமான தரையில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள், தட்டிச் சத்தம் கேளுங்கள், அவ்வளவுதான். வடிகஞ்சியில் ஒரு ராத்திரி ஊறவைத்து, கல் உப்பால் தேய்த்து, நல்லெண்ணெய் தடவி, நான்கு நாள் வெங்காயம் வதக்கினால் ஐம்பது வருஷத்துக் கல் புதுக் கல்லைவிட நன்றாகப் பேசும்.

எனக்கு மிகவும் பிடித்தது தையல் மெஷின். வீட்டு மூலையில் துணி மூடிக் கிடந்து, "ஓடாதுங்க" என்று இரும்பு விலைக்குப் போடும் சிங்கர் மெஷின்களில் நிறைய, ஓடக்கூடியவை. எண்ணெய் காய்ந்து பசையாகிப் பிடித்துக்கொண்டிருக்கும், வேறொன்றும் இல்லை. சக்கரம் அசையாத மெஷின் ஒன்றை ஒரு வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். துவாரம் துவாரமாக மண்ணெண்ணெய் விட்டு, தினமும் காலையில் சக்கரத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பேன். மூன்று நாள் அசையவே இல்லை. நான்காம் நாள் நூலிழை அளவு நகர்ந்தது. ஒரு வாரத்தில் முழுச் சுற்று வந்தது. பழைய எண்ணெயைத் துடைத்து மெஷின் எண்ணெய் விட்டதும், அந்தக் கனமான இரும்புக்குள்ளிருந்து எழுந்த சத்தம், பூனை உறுமுவது மாதிரி அவ்வளவு மெது. கறுப்பு உடம்பைத் துடைத்தபோது அழுக்குக்கு அடியில் தங்க நிறத்தில் எகிப்திய ஸ்பிங்ஸ் படம் வெளியே வந்தது.

வலது பக்கம், அடித்தட்டின் மேல், ஒரு எண் பொறித்திருக்கும். முன்னால் இருக்கும் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் வைத்து எந்த வருஷம் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். சிங்கரின் வரிசை எண் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. மாடல் எண்ணுக்குப் பின்னால் "கே" இருந்தால், 15கே, 66கே என்பது போல, அது ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரின் கில்போவி தொழிற்சாலையில் பிறந்தது. அங்கிருந்து கப்பலேறி வந்து, நம் ஊர்த் திண்ணையில் பாவாடையும் ஜாக்கெட்டும் தைத்திருக்கிறது. உபயோகத்துக்கு வேண்டுமென்றால் 15 வகையைத் தேடுங்கள். உஷா முதலான நம் நாட்டு மெஷின்கள் பெரும்பாலும் அந்த அமைப்பில் செய்தவை, அடிநூல் சுற்றும் பாபின் முதல் எல்லா உதிரிப் பாகமும் தையல் சாமான் கடையில் கிடைக்கும். ஸ்பிங்ஸ் படம் போட்ட என் மெஷினில் பாபினை உள்ளே வைக்கும், படகு மாதிரியான ஒரு ஷட்டிலும் ஒல்லியான நீள பாபினும். அந்த பாபின் ஒன்று தொலைந்தால் தேடுவது பெரும்பாடு. இருந்தாலும் தலையணை உறை தைக்க நான் அதைத்தான் எடுக்கிறேன்.

கடிகாரத்தில் நான் ஏமாந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எச்.எம்.டி. கடிகாரம் பெங்களூரில் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. எங்கள் வீட்டில் அப்பா, மாமா, பெரியப்பா எல்லோர் கையிலும் அதுதான். 2016-ல் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட அரசு முடிவெடுத்ததும் அதற்குத் தேடல் கூடிவிட்டது. ஆரஞ்சு நிற முகப்போடு ஒரு "பைலட்" பார்த்து, அபூர்வம் என்று நினைத்து நல்ல விலை கொடுத்து ஒரு கடையில் வாங்கினேன். பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்ததும் சொல்லிவிட்டார்: மூன்று கடிகாரத்தின் பாகங்களைச் சேர்த்து, முகப்பைப் புதிதாகப் பெயிண்ட் அடித்தது. அதற்குப் பிறகு நான் மங்கின முகப்பு, கீறல் விழுந்த கண்ணாடி, மூலையில் லேசாக மஞ்சள் படிந்த வெள்ளை, இவற்றைத்தான் தேடுகிறேன். எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும், எண்களுக்கு நடுவில் இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். சாவி கொடுத்துக் காதில் வைத்தால் சீராக ஓட வேண்டும். பளபளவென்று கண்ணைப் பறிக்கிற பழைய கடிகாரத்தின் மேல் எப்போதும் சந்தேகம் இருக்கட்டும்.

புத்தகமும் காகிதமும் தனி உலகம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய தமிழ்ப் புத்தகங்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சின்னச் சின்னத் துண்டுப் பிரசுரம் வரைக்கும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி வைத்தது. சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். இன்று சென்னை தரமணியில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. தமிழில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் உலகமெங்கிலுமிருந்து வருகிறார்கள். யாரும் எடுத்து வைக்காத ஒரு நாடக நோட்டீஸ், அவர் எடுத்து வைத்ததால் மட்டும் இன்று இருக்கிறது. பழைய கடையில் ஒரு கத்தைக் காகிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். நீங்களும் புத்தகத்தை விலை பேசும்முன் உள்ளே புரட்டுங்கள். பஸ் டிக்கெட், மயிலிறகு, பரீட்சை அட்டவணை, யாரோ யாருக்கோ எழுதி அனுப்பாத கடிதம் எல்லாம் கிடைத்திருக்கின்றன. கடிதத்தில் விலாசம் இருந்தால் நான் அனுப்பி வைத்துவிடுவேன்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. ஹெல்மெட், குக்கர், குழந்தைகளுக்கான கார் சீட், மெத்தை ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். பழைய ரேடியோவும் மின்விசிறியும் வாங்கலாம், ஒயர் மாற்றாமல் சுவிட்ச் போடாதீர்கள். மரச்சாமானில் குண்டூசி ஓட்டைகளும் அதற்கடியில் புதிதாக மாவு மாதிரித் தூளும் கொட்டியிருந்தால் உளுவண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அந்த ஒரு நாற்காலி வீட்டுக்குள் வந்தால் நிலைக்கதவு வரைக்கும் போகும். தந்தம் வாங்குவதும் விற்பதும் குற்றம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் முதலானவை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அவற்றை விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சாமி சிலையை யாராவது ரகசியமாகக் காட்டினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். நம் கோயில்களிலிருந்து எவ்வளவு திருட்டுப் போயிருக்கிறது என்பதும், அதற்காகவே தமிழகக் காவல்துறையில் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு என்று தனியாக ஒன்று இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி வந்த ஒன்றை வீட்டில் வைத்து ரசிக்க முடியாது.

பேரம் பற்றி ஒரு வார்த்தை. போணி நேரத்தில் போனால் நல்ல விலைக்குக் கிடைக்கும், ஆனால் போணிக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் அவர் மனது கஷ்டப்படும். ஆகவே வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் காலையில் விலை கேளுங்கள். வெயிலில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரிடம் இருபது ரூபாய்க்காக மல்லுக்கட்டுவது எனக்குப் பிடிக்காது. நியாயமாகக் கொடுங்கள், பேசுங்கள், என்ன தேடுகிறீர்கள் என்று சொல்லி வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அவரே எடுத்து ஒதுக்கி வைப்பார். எனக்கு நல்ல சாமான் கிடைத்தது பெரும்பாலும் அப்படித்தான்.

இப்போது உங்கள் அம்மாவின் கேள்வி. அது லேசான கேள்வி இல்லை. எந்த நிலைமையில் விற்றார்களோ என்பது உண்மையான கவலை. கஷ்டத்தில் விற்ற வீடுகள் இருக்கும். பிரேமுக்காக அடுக்கி வைத்திருக்கும் பழைய கல்யாண போட்டோக்களைப் பார்க்கும்போது எனக்கே தொண்டை அடைக்கும். என் அம்மா இதனால்தான் அந்தக் குடத்தைச் சமையலறைக்குள் விடக் கூடாது என்றார். நான் விவாதம் பண்ணவில்லை. மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டு, கழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொன்னார். கண்ணாடி போடவில்லை. நான் படித்தேன். "தங்கைக்கா?" என்று கேட்டார். அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். என் பெரிய மாமா. அவர் கொடுத்த குடத்தை அம்மா, நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது ஒரு கஷ்டத்தில் விற்றிருக்கிறார். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குடத்தை எடுத்துப் போய்க் குழாயடியில் தானே கழுவினார், தண்ணீர் பிடித்தார், சமையலறை மூலையில் கோலம் போட்டு வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. சித்திரை வெயிலில் வெட்டிவேர் போட்டுவிடுவோம்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் சந்தைக்குப் போய்விடுங்கள். காந்தம், பூதக்கண்ணாடி, பழைய செய்தித்தாள், ஒரு துணிப்பை, சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துச் சொல்ல உங்களைவிட அவருக்குத்தான் தெரியும்.